ஏகாதசியன்று தின்ற சர்க்கரை

ரயில்வே பட்டறையில் எனக்குச் சம்மட்டி வேலை. காய்ச்சிய இரும்புக்குப் பயந்ததில்லை. சர்க்கரை வியாதி வந்து, தினமும் ஊசி என்று டாக்டர் சொன்னதும், எனக்கு நானே குத்திக்கொள்ள முடியாது என்றுவிட்டேன். என் சம்சாரம்தான் போடக் கற்றுக்கொண்டாள். காலையில் ஊசி போடும் கண்ணாடிக் குழலைக் கொதிக்க வைப்பாள். மருந்துக் குப்பி தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் இருக்கும்.

"சம்மட்டி தூக்குற ஆளு, ஊசியைப் பாத்து மூஞ்சியத் திருப்புறீங்களே" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, அறுபத்தொன்று இருக்கும். வைகுண்ட ஏகாதசிக்குத் தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினோம். இருவரும் விரதம். ஊசியை ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டேன்.

"பட்டினி கிடந்தா சர்க்கரை இன்னும் இறங்கும். நல்லதுதானே" என்றேன். அவளும் சரி என்றாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோயில் வரிசை நகரவில்லை. வெயில் ஏறியது. எனக்கு வேர்த்துக் கொட்டியது, கால் பின்னியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் முந்தானையால் விசிறினாள்.

பின்னால் நின்ற நாமம் போட்ட பெரியவர் குனிந்து பார்த்தார்.

"இவருக்கு நீரிழிவா? ஊசி போட்டுக்கறாரா?"

"ஆமாங்க. காலையில போட்டேன்."

"சாப்பிட்டாரோ?"

"ஏகாதசிங்களே!"

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். சர்க்கரை. அவள் குறுக்கே கை நீட்டினாள்.

"ஐயோ சாமி, அதுதாங்க அவருக்கு ஆகாது!"

"ஊசியும் போட்டுண்டு பட்டினியும் கெடந்தா சர்க்கரை அடியோட எறங்கிடும். இப்போ இது இல்லேன்னா உசிரு போயிடும்மா. நேக்கும் இதே ஊசிதான். பட்டவன் சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "விரதம்" என்று முனகினேன்.

"பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறங்கோ" என்றார் அவர்.

திறந்தேன். அவள்தான் ஊட்டினாள். சற்று நேரத்தில் கண் தெளிந்தது. அவள் அழுதாள்.

"அழாதேம்மா. நானே ரவா உப்புமா தின்னுட்டுத்தான் வந்து நிக்கறேன்."

அழுகையோடு சிரித்துவிட்டாள்.

வரிசை எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அவர் இடமும் போயிற்று. மூன்று பேரும் கடைசியில் போய் நின்றோம். சொர்க்கவாசலைத் தாண்டும்வரை என் முழங்கையை அவர் விடவில்லை. பேரைக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஏகாதசி என்றால், எனக்கு உப்புமா கிண்டி வைத்த பிறகுதான் அவள் குழலை அடுப்பில் வைப்பாள். விரதம் அவளுக்கு மட்டும். என் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருக்கும். கூட்டத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டால், போய்க் குனிந்து பார்ப்பேன்.