புதினா வாசம்

வேலப்பன்சாவடிப் பக்கம் பல் மருத்துவம் படித்தபோது, விடுதியில் என் அறையில் இருந்தவன் சென்னையில் பாடியைச் சேர்ந்தவன். ஒல்லியாக, உயரமாக இருப்பான். உதட்டைத் திறக்காமல்தான் சிரிப்பான். ஒரு பிஸ்கட் தின்றால்கூட எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வருவான். பாடத்தில் படித்ததைக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் என்று அவனைக் கேலி செய்வோம். எங்களில் பாதிப் பேர் காலையில் தேய்ப்பதே பெரிய விஷயம்.

ஒருவர் வாயை ஒருவர் பரிசோதிக்கும் பயிற்சியில் அவன் எனக்கு ஜோடியாக வந்தான். நாற்காலியில் சாய்ந்து அவன் வாயைத் திறந்ததும் திடுக்கிட்டேன். ஈறுகள் தேய்ந்து பின்வாங்கி, பற்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. தொட்ட இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது.

"இவ்வளவு அழுத்தித் தேய்க்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் மச்சான். எங்கப்பாவுக்கு வாயில புத்துநோய். சாவுற வரைக்கும் ஊட்டுல நான்தான் அவரு வாயக் கழுவி உட்டுகினு இருந்தேன். அந்த வாடை இன்னும் என் வாயில கீது. நீயே மோந்து பாத்து சொல்லு."

குனிந்து முகர்ந்தேன். பற்பசையின் புதினா வாசம் மட்டும்தான் வந்தது.

"ஒரு வாடையும் இல்லடா" என்றேன்.

"எங்கம்மாவும் அப்பாவாண்ட இப்டித்தான் சொல்லிகினு இருந்திச்சு" என்றான்.

நான் சொன்னது உண்மை. அதை அவன் நம்பும்படி எப்படிச் சொல்வது என்று, இத்தனை நோயாளிகளைப் பார்த்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.