வாய் வைக்காமல் குடித்த தண்ணீர்

ஒரு மேட்டுக்கு வானமலை என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிற நாடு டென்மார்க். இங்கே எதிர்காற்றோடு மல்லுக்கட்டிச் சைக்கிள் ஓடிப் பழகிய காலை நம்பி, தெற்கு ஐரோப்பாவின் மலைக்கிராமங்களைத் தனியாகச் சுற்றப் புறப்பட்டேன். ஸ்கீவ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நான்கு வாரம் லீவு.

"அகதியா அலைஞ்சது காணாதெண்டு இப்ப காசு குடுத்து அலையப் போறியளோ?" என்றாள் மனைவி.

ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தால் அந்த ஊர்களில் நான் உல்லாசப் பயணி. கழற்றினால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் கடைக்குள் இருந்தவர்கள் கதைப்பதை நிறுத்துவார்கள். ஒரு கிழவர் என் மேல் நாயையே ஏவிவிட்டார். ஏறுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

எல்லைக்கு அருகே ஒரு கிராமத்துக் குழாயில் போத்தலை நிரப்பி, வழக்கம்போல வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தேன்.

"அண்ணை, தமிழோ?"

புதர் மறைவிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். உடம்பெல்லாம் சேறு, காலில் மட்டும் நல்ல சப்பாத்து.

"நீங்கள் அண்ணாந்து குடிச்சதைப் பாத்தன். வேற ஆர் அப்பிடிக் குடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னார்ப் பெடியன். எல்லை தாண்டிக் காடு வழியே நடந்து வந்திருக்கிறான். டென்மார்க்கிலேயே, எஸ்பியர்க் நகரில் அக்கா இருக்கிறாவாம், அவவிடம் போகிறானாம். இருந்த பிஸ்கட்டை எல்லாம் கொடுத்தேன். நம் ஆட்களுக்கு மெல்லக் கதைக்க வராதே. மேலே ஒரு யன்னல் திறந்து மூடியது. பிஸ்கட் முடிவதற்குள் ஜீப் வந்தது.

சீருடையில் இருவர். என் டெனிஷ் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் 'சேர்' போட்டார்கள். சைக்கிளைத் தடவிப் பார்த்து, நல்ல சைக்கிள் என்றார்கள். பிறகு, தாங்கள் ஆங்கிலத்தில் சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்கள்.

அவனை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். அதற்கு முன் சப்பாத்து வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். திரும்பி நடந்து வராமல் இருக்க என்றான் ஒருவன். அவனுக்கு அக்கா இருக்கிறா, நான் பொறுப்பு என்றேன். நீயும் கூடப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தான் மற்றவன். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டட்டாம்."

குனிந்து கழற்றி, வீட்டு வாசலில் வைப்பதுபோல இரண்டையும் சேர்த்து வைத்தான்.

"அக்காட்ட இதைச் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை. தாங்கமாட்டா."

ஜீப் போய்விட்டது.

சில மாதம் கழித்து, எஸ்பியர்க் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் என்னிடம் வந்தார்.

"மலையெல்லாம் சைக்கிளில சுத்தினது நீங்கள்தானே? என்ர தம்பி அந்தப் பக்கத்தாலதான் வந்தவன். பிறகு ஒரு கதையும் இல்லை. எங்கையும் கண்டனீங்களோ?"

அவன் முகத்தின் சாடை அப்படியே இருந்தது. "இல்லை" என்றேன்.

"அங்க சரியான குளிராமே? நல்ல சப்பாத்தா வாங்கச் சொல்லித்தான் காசு அனுப்பினனான்," என்றார்.