பொன் நிறத்தில் ஒரு விரல்ரேகை

காலிங்பெல்லை விரல் முட்டியால்தான் அழுத்துவாள் நாகலக்ஷ்மி. ஃப்ரிட்ஜ் கதவுக்கு முழங்கை. பீரோக் கண்ணாடிக்கு முந்தானை. அவள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் அவளுக்கு ‘தொடாத மாமி’ என்றே பெயர். குத்துவிளக்கு வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். “என்னப்பா, ஊர்ல இருக்கறவா வெரலெல்லாம் இதுல இருக்கு!” கடைக்காரர் துண்டால் துடைத்துக் கொடுப்பார். அந்தத் துண்டைப் பார்த்தும் முகம் சுளிப்பாள்.

எல்லாம் பார்க்கிற வேலை படுத்தும் பாடு. டைட்டானியத்தில் கடைந்த செயற்கை மூட்டுகளுக்கு நைட்ரஜன் ஏற்றும் கூடத்தில் அவள் ஆபரேட்டர். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள், மூட்டின் குழியில் சுழலும் பந்தை வைத்து, நைட்ரஜன் அயனிகளை அதன்மேல் அசுர வேகத்தில் பாய்ச்சுவார்கள். அவை உலோகத்தின் தோலுக்கடியில் புகுந்து இறுகிக்கொள்ளும். பிறகு உரசினாலும் பந்து லேசில் தேயாது. வெள்ளிச் சாம்பல் நிறம் போய் இளம்பொன் நிறம் வரும்.

“பெயிண்ட் மாதிரியா மாமி?” என்று பஸ்ஸில் யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

“பெயிண்ட்னா உரிஞ்சுண்டு வந்துடுமே! இது உள்ளே போய்க் குடித்தனம் பண்ணும். காலி பண்ணுன்னாலும் பண்ணாது.”

ஆனால் வெறும் விரல் ஒருதரம் பட்டால் தீர்ந்தது. அந்த எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் நைட்ரஜன் சரியாக இறங்காது.

அவள் விரல்கள் மனசாரத் தொடுவது கும்பிடும்போது மட்டும்தான். காலையில் கிளம்பும்போது சுவாமி விளக்கின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பஸ் கோயில் பக்கம் திரும்பும்போது ஜன்னல் கம்பிக்கும் அந்த மரியாதை கிடைக்கும்.

வினை அங்கேதான் வந்தது. அவள் கணவர் பஞ்சாபகேசனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, வாசல் படி இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். அவர் எலும்பின் அளவுக்கென்றே கடைந்த பந்து, சுத்தம் செய்யப்பட்டு, நாகலக்ஷ்மியின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கையுறை கிழிந்திருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கப் போனவள் நின்றாள். இத்தனை வருஷம் கூடவே நடந்த மனுஷனை இனிமேல் இதுவல்லவா நடத்தப்போகிறது! கை தானாக நீண்டு பந்தைத் தொட்டது; கண்ணில் ஒற்றிக்கொண்டது. பிறகு புதுக் கையுறையை மாட்டி, செய்தது இன்னதென்றே உறைக்காமல், பந்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மறுநாள் பந்தை வெளியே எடுத்த மலையாளி இன்ஜினியர் ரதீஷ், “இதெந்தா சேச்சி? ரேஷன் கடையில ரேகை வெச்ச போல உண்டல்லோ!” என்று சிரித்தான். பொன் நிறத்தின் நடுவே மங்கலாக, சுழிசுழியாக ஒரு விரல்ரேகை. “யாரோட வெரல் இது?”

நாகலக்ஷ்மி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ரதீஷின் சிரிப்பு நின்றுவிட்டது. “சாரமில்ல சேச்சி, பரவாயில்ல, மெருகு போட்டு மறுபடி ஏத்தலாம். பட்சே... திங்கட்கிழமைக்கு ஆகாது.”

டாக்டரிடம் அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அன்று சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

பஞ்சாபகேசன் வலியோடு திரும்பிப் படுத்தார். “இருந்துட்டுப் போகட்டுமேடி. ஒன்னோட முத்திரை இருந்தா வேற எவளும் உரிமை கொண்டாட முடியாதோன்னோ?”

“வெளையாடாதீங்கோன்னா! அந்த எடம் முதல்ல தேயும். அந்தத் தூள் எலும்பண்டை போய்ச் சேரும். இன்னொரு மாசம் நீங்க துடிக்கணும். என்னாலதான்...”

“துடிச்சுட்டுப் போறேன். நீ மூக்கைத் துடை மொதல்ல.”

இரண்டாம் தடவை பந்தைப் பெட்டிக்குள் வைத்தது ரதீஷ்தான். நாகலக்ஷ்மி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். வெளியே வந்த பந்தில் எங்கும் ஒரே பொன்.

ஆபரேஷன் முடிந்து, காயமும் ஆறி, போன வாரம் பஞ்சாபகேசன் ஒற்றைக் கம்பை ஊன்றித் தானாகவே வாசல் படி இறங்கினார். தெருவே பார்க்க, நாகலக்ஷ்மி குனிந்து அவர் இடுப்பை வேஷ்டியோடு சேர்த்துத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஏய், ரேகை விழுந்துடப்போறது!” என்றார் அவர்.

அவள் மறுபடி கையை நீட்டி, ஐந்து விரலையும் அங்கேயே பதித்து வைத்துக்கொண்டாள்.