மைனஸ் ஒன்று என்கிற என் மச்சினன்

என் மச்சினனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு பீரோவில் இருக்கிறது. வெளியே எடுக்கும் தேவை வரவில்லை. ஊருக்கெல்லாம் அவன் மைனஸ் ஒன்று.

அவன் கம்ப்யூட்டருக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். அதில் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, அது நடக்காவிட்டால் மைனஸ் ஒன்று என்று பதில் வருமாம். அந்தப் பழக்கம் வாய்க்கும் தொற்றிவிட்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மைனஸ் ஒன்று. பேருந்து போய்விட்டால் மைனஸ் ஒன்று. அவன் அக்கா, அதாவது என் மனைவி, கதவைப் படாரென்று சாத்தினால் எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாமா, மைனஸ் ஒண்ணு" என்பான்.

நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். ஒருமுறை பெண் பார்த்துவிட்டு வந்தோம். பெண்ணின் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். இவன் மாதம் தவறாமல் அவருக்குப் போன் போட்டான். "விடுடா, அது வேண்டாம்னு அர்த்தம்" என்றேன். "இல்ல மாமா. அது எரர் இல்ல. இன்னும் பதில் தயாராகல, மறுபடி கேளுன்னு அர்த்தம்" என்றான். இரண்டு வருஷம் கேட்டான். அந்தப் பெண்ணின் முதல் குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகுதான் நிறுத்தினான்.

நான் எட்டாவது வரை போனவன். மருந்து வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக். ஆறு அறை, ஆறு கம்ப்ரசர். ஒவ்வொரு அறைச் சுவரிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அது உள்ளே எவ்வளவு குளிர் என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் எவனும் ஒட்டுக்கேட்கவோ எண்ணை மாற்றவோ முடியாதபடி பூட்டுப் போட்ட இணைப்பு. ஆபீஸில் அதைக் கேட்டு வாங்கும் புரோகிராமை எழுதியது சாட்சாத் என் மச்சினன். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பம்.

ஆபீஸ் சுவரில் ஆறு விளக்கு. இணைப்பு அறுந்தால் அந்த அறையின் விளக்கு சிவப்பாகும். திரும்ப இணைக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் குளிர் எவ்வளவு இருந்தது என்று பதிவு இராது. பதிவு இல்லாத மருந்தைச் சந்தேகக் கேஸ் மாதிரி தனியே எடுத்து வைத்துச் சோதிக்க வேண்டும். மூன்றாம் அறை ஆறு வாரமாகத் தினமும் சிவப்பு.

எங்கள் மேனேஜருக்குப் பெயர் சுற்றறிக்கை. கழிவறைக் குழாய் சொட்டினாலும் தாளில்தான் பேசுவார். அவர் கணக்கு எளிமையானது. எல்லா அறைக்கும் ஒரே பெட்டி, ஒரே புரோகிராம். மற்ற அறைகளில் கோளாறு இல்லை. மூன்றாம் அறைக் கம்ப்ரசர்தான் பழசு. அது கிளம்பும்போது கரண்டை இழுத்துப் பெட்டியைச் சாய்க்கிறது. ஆகவே குற்றவாளி மெக்கானிக்.

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நானே நம்பினேன். ரிலேயை மாற்றினேன், வயரை மாற்றினேன், எர்த் கம்பியைப் புதிதாக இறக்கினேன். சிவப்பு நிற்கவில்லை. எனக்கு முதல் கடிதம் வந்தது. அப்புறம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு, பராமரிப்பை மொத்தமாக எடுத்து நடத்தும் வெளிக் கம்பெனி ஆள் ஒருவரையும் மேனேஜர் வரச் சொல்லிவிட்டார். எதற்கு என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

வீட்டில் மச்சினனிடம் கேட்டேன். "டேய், உன் புரோகிராம்ல ஏதாச்சும் இருக்குமா?"

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது கோபத்தின் அடையாளம்.

"மாமா, படிச்சா மைனஸ் ஒண்ணு வருதுன்னு வச்சுக்குங்க. பாதிப் பேரு உடனே செத்துப்போச்சுன்னு புதைச்சிருவான். நான் அப்படி இல்ல. நாடி பிடிச்சுப் பாக்குறவன். என்னப்பா ஆச்சுன்னு ரெண்டாவது தடவ கேப்பேன். 'வான்ட் ரீட்'னு சொன்னா இன்னும் தகவல் வரல, கொஞ்சம் கழிச்சு வான்னு அர்த்தம். எதிராளி வணக்கம் சொல்லி முடிச்சுக்கிட்டா அதுக்கு ஒரு கோடு நம்பர். சொல்லாம கொள்ளாம வயர் அறுந்தா வேற கோடு. பூட்டே கெட்டுப்போனா இன்னொரு கோடு. அது வந்தா மட்டும் அந்த இணைப்பத் தொடக்கூடாது, மூடிரணும். மூணாம் ரூமுக்கு அதுதான் வருது. உங்க மிஷின் கிளம்புறப்ப கரண்ட்ல வர்ற இரைச்சல்ல நடுவழில எழுத்து சிதறுது. மிஷினப் பாருங்க."

"என் தம்பி தப்பா எழுத மாட்டான்" என்று சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்தது.

சரி, மிஷினையே பார்த்தேன். மேனேஜர் எத்தனை சிவப்பு என்று எழுதுவார், எப்போது என்று எழுத மாட்டார். நான் என் மிஷின் நோட்டில் நேரத்தை எழுத ஆரம்பித்தேன். செவ்வாய்: ஏழே கால், பத்தே முக்கால், இரண்டே கால். நடுவில் சரியாக மூன்றரை மணி நேரம். புதன்கிழமை வேறு நேரங்கள், ஆனால் இடைவெளி அதே மூன்றரை.

எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது. கம்ப்ரசருக்கு மணி பார்க்கத் தெரியாது. அறை சூடானால் கிளம்பும், குளிர்ந்தால் நிற்கும். கதவை ரெண்டு தடவை கூடத் திறந்தால் ரெண்டு தடவை கூடக் கிளம்பும். மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அலாரம் வைத்துக்கொண்டு கெட்டுப்போகிற இரும்பை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியம், அடுத்த சிவப்பு வர வேண்டிய நேரத்துக்கு நடைபாதையில் போய் நின்றேன். மூன்றாம் அறைப் பெட்டி அமைதியாக இருந்தது. பக்கத்தில் இரண்டாம் அறை. தரை வெடித்ததால் நான்கு மாதமாகக் காலி. கம்ப்ரசரை நானே நிறுத்தியிருந்தேன், ஆபீஸ் சுவரில் அதன் விளக்கையும் அணைத்துவிட்டார்கள். ஆனால் அதன் பெட்டியின் பிளக்கை யாரும் பிடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பச்சைப் புள்ளி மூன்று தடவை சிமிட்டி அணைந்தது. மறு நொடி ஆபீஸிலிருந்து குரல்: "மூணு மறுபடி சிவப்பு!"

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். மச்சினன் சிரித்தான்.

"ரெண்டாம் ரூமுக்கும் இதுக்கும் என்ன மாமா சம்பந்தம்? அந்தப் பெட்டியோட அடையாளச் சான்றிதழ் ஆறு வாரம் முன்னாடியே காலாவதி. அது வந்து கதவத் தட்டும், உள்ள விட மாட்டோம். அப்புறம் மூணரை மணி கழிச்சு வந்து தட்டும். காலி ரூம்தானேன்னு அத மட்டும் கண்டுக்காம அடுத்த ரூமுக்குப் போன்னு எழுதி…"

நிறுத்திவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது.

"அடுத்த ரூம்னா எது?" என்றேன்.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினான், துடைக்கவில்லை.

"மாமா, என்னாச்சுன்னு ரெண்டாவது தடவ கேக்குறேன்ல? எல்லா ரூமுக்கும் பதில் சொல்றவன் ஒருத்தன்தான், அவன் முதல்ல ஒரே தட்டப் பாப்பான். எரர் சீட்டு எதுவும் கிடக்கான்னு. ரெண்டாம் ரூம் தோத்தப்ப விழுந்த சீட்ட நான் எடுக்காம வந்துட்டேன். மூணாம் ரூம் இன்னும் தகவல் வரல, கொஞ்சம் பொறுன்னுதான் சொல்லுது. இவன் தட்டுல கிடந்த சீட்டப் பாத்துட்டு, பூட்டுக் கெட்டுப்போச்சுங்கிறான். நானும் நம்பி மூடிட்டேன்."

"முன்னாடி வந்தவன் எக்ஸ்ரேயப் பாத்துட்டு எனக்கு ஆபரேஷன் பண்ணிருக்க."

"ஒவ்வொரு தடவயும் கேக்குறதுக்கு முன்னாடி தட்டக் காலி பண்ணணும். ஒரே ஒரு வரி."

"பத்தொன்பது வருஷம்டா."

அவன் தலையைச் சொறிந்தான். "இப்பவே அந்த வரியப் போட்டுர்றேன். நாளைக்குச் சிவப்பு வராது. யாருக்கும் தெரிய வேண்டாம், முடிஞ்சுபோச்சு."

"சிவப்பு நின்னா மேனேஜர் என்ன நினைப்பாரு? கடிதம் கொடுத்ததும் பயந்துபோய் மிஷினச் சரிபண்ணிட்டான், அப்ப இத்தன நாளும் கோளாறு இவன்கிட்டதான்னு நினைப்பாரு. வெளிக் கம்பெனிக்காரன் வேற பக்கத்துலயே உக்காந்திருப்பான். நீ வந்து சொல்லணும்."

என் மனைவி கரண்டியோடு வந்தாள். "சொன்னா அவன் பேரு கெட்டுப்போகாதா?"

"அப்ப என் பேரு?"

"உங்களுக்குத்தான் ஏற்கனவே ரெண்டு கடிதம் வந்தாச்சே."

மச்சினன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் பாஷையில் அதற்கு ஒரு கோடு இருக்கும். என் பாஷையில் அதற்குப் பெயர் நழுவல்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் மேனேஜர், அவர் தாள்கள், வெளிக் கம்பெனி ஆள், நான். மேனேஜர் மூன்றாவது கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். தேதி மட்டும் பாக்கி. நான் நோட்டை நீட்டினேன். மூன்றரை மணிக் கணக்கைச் சொன்னேன். வெளிக் கம்பெனி ஆள், "சார், மிஷின் வயசாச்சுன்னா எல்லா மணிக்கும் கெடும்" என்றார். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

அப்போது கதவு தட்டும் சத்தம். தேய்த்த சட்டை போட்டு மச்சினன் நின்றான். பெண் பார்க்கப் போனதற்கு அப்புறம் அந்தச் சட்டையை நான் பார்க்கவில்லை.

"மூணாம் ரூம் விஷயமா, சார்."

உட்கார்ந்தான், ஆரம்பித்தான். மைனஸ் ஒன்று, சீட்டு, தட்டு, வான்ட் ரீட். கால் மணி நேரம். வெளிக் கம்பெனி ஆளுக்குக் கண் சொருகியது.

மேனேஜர் கையைத் தூக்கினார். "ஒரே கேள்வி. மிஷின் நல்லா இருக்கா, இல்லையா?"

"அது வந்து சார், நல்லா இருக்குங்கிறத எதவச்சு…"

மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். பூட்ஸ் காலால்.

"நல்லா இருக்கு சார்" என்றான். "எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. மாமா மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

எனக்கு அவனைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனி அவனை வெளியே தள்ளும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் கோபம் இல்லை.

மேனேஜர் பேனாவை மூடினார். "இதே புரோகிராம் நம்ம மத்த ஏழு கிடங்குலயும் ஓடுதே?"

"ஆமா சார்."

"அங்கேயும் இந்தத் தட்டு… சீட்டு… இருக்குமா?"

"இருக்கும் சார்."

"வேற யாருக்கு இது புரியும்?"

மச்சினன் யோசித்தான். "எனக்குத்தான் சார்."

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. முதல் பக்கம் முழுக்க அவனைப் பற்றி. நுண்ணிய குறையை நேர்மையுடன் கண்டறிந்து தெரிவித்தவர் என்ற முறையில், எட்டுக் கிடங்கின் இணைப்புகளையும் இனி அவரே மேற்பார்வையிடுவார். நிரந்தர வேலை, தனி மேஜை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: மெக்கானிக்குக் கொடுக்கப்பட்ட கடிதங்கள் இரண்டும் ரத்து. வெளிக் கம்பெனியைப் பற்றிப் பேச்சே இல்லை.

தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"பாத்தீங்களா? என் தம்பி மட்டும் இல்லேன்னா இந்நேரம் உங்க வேல போயிருக்கும்."

"ஆமா" என்றேன். "அவன் மட்டும் இல்லேன்னா."