மடக்குப் பூட்டு வைத்த வார்

இன்று தென்காசிக் கடிகாரக் கடையில் என் வீட்டுக்காரருடைய கைக்கடிகாரத்துக்குத் தோல் வார் மாற்றினேன். மடித்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் மடக்குப் பூட்டு வைத்த வார்தான் வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருக்கும் மிஷினை மாற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கடைக்காரர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூடியத் தொறக்காதீக அண்ணாச்சி!"

"வார் மாட்ட எதுக்குக்கா மூடியத் தொறக்கணும்? பூட்டுக்குக் கை அளவுதான் வேணும். வாட்ச் போடுதவுக எங்க?"

ஆண் துணை இல்லை என்று தெரிந்தால் ஏமாற்றுவாரே என்று, "சந்தைக்குப் போயிருக்காக" என்றேன்.

பொட்டில்லாத என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். பழைய வாரில் தேய்ந்திருந்த துளையை அளந்து, அதே அளவுக்குப் பூட்டை வைத்தார்.

"வந்ததும் போட்டுப் பாக்கச் சொல்லுங்கக்கா. இறுக்கமா இருந்தா கொண்டாங்க."

பொய் சொன்னது நான்தான். ஆனாலும் அவர் காட்டியது இரக்கமா, இளக்காரமா என்று எனக்குச் சந்தேகம். நீங்களே சொல்லுங்கள்.