எழுபத்துமூன்று கிராம் அடுப்பு

எங்கள் அலுவலகம் கண்டி நகரின் நடுவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே ஜன்னலோர வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். முதலாமவர் அக்குறணைக்காரர்; அவரை எல்லோரும் நானா என்போம். இரண்டாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் எங்களுக்கு அண்ணை. மூன்றாமவன் நான். மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவன். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்த இருவருக்கும் இன்னும் தம்பிதான்.

ஒரே மாதத்தில் எங்கள் மூவரையும் பார்த்த டாக்டர் மூவரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: நடக்க வேண்டும். வாவியைச் சுற்றி ஒரு நடை போட்டால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனால் நாங்கள் அவ்வளவு சுலபமாக விடுகிற ஆட்கள் இல்லை. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மலை மலையாகப் போவது, போகப் போகக் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவெடுத்தோம். ஒத்திகையாக முதலில் கலஹாப் பக்கத்தில் ஒரு நாள் நடை.

வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டோம். சாப்பாடு நானாவின் பொறுப்பு. பாதையும் மருந்துப் பெட்டியும் அண்ணையுடையது.

"தேத்தண்ணி குடிக்காமல் என்னாலை மலையேற ஏலாது, தம்பி," என்றார் அண்ணை. "ஒரு சின்ன அடுப்பு வேணும். முதுகிலை வைச்சா பாரமே தெரியக்கூடாது."

அடுப்பு என் பொறுப்பானது. என் வாழ்க்கையில் அடுத்த ஆறு வாரங்கள் அப்படித்தான் போயின.

மலைக்குக் கொண்டுபோகும் அடுப்புகளைப் பற்றி உலகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பனியில் நிற்கும் தாடிக்காரர்கள் காணொளிகளில் வந்து, ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க எத்தனை விநாடி என்று கணக்குச் சொன்னார்கள். சின்ன கேஸ் குப்பியின் தலையில் திருகுகிற அடுப்பு, ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற அடுப்பு, சுள்ளி போடுகிற அடுப்பு என்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது பாகையில் எந்தக் கேஸ் வேலை செய்யாது என்பதைக்கூட மனப்பாடம் செய்தேன். கலஹாவில் ஸ்வெட்டர் போடுவதே அபூர்வம்.

ஒரு நாள் சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"பதினெட்டு வருஷமா நம்ம வீட்டுலயும் ஒரு அடுப்பு இருக்கு," என்றாள். "அத ஒரு நாளாவது இப்பிடிப் பாத்தீங்களா?"

பொறு என்று கையைக் காட்டினேன். அப்போது அந்தத் தாடிக்காரர் முக்கியமான கட்டத்தில் இருந்தார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் சொல்லி எடுப்பித்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பாவில் வந்தது. மூன்று கால்களை விரித்தால் சிலந்தி மாதிரி நின்றது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கியது. எழுபத்துமூன்று கிராம் என்று டப்பாவில் எழுதியிருந்தது. எனக்கு அதை நம்ப மனம் வரவில்லை. வீட்டுத் தராசு மாவு நிறுப்பது. அதில் இந்த அடுப்பை வைத்தால் முள் அசையவே இல்லை. விஷயத்தைக் கேட்ட நானா, "வாங்க, எங்கட மாமாட கடைக்குப் போவோம்," என்று பகல் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூட்டிப்போனார். அவருடைய மாமாவுக்கு நகரத்தில் நகைக்கடை.

மாமா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுப்பை வாங்கி, சிவப்பு வெல்வெட் துணியில் துடைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் வைத்தார்.

"ஒம்பது பவுணும் ஒரு கிராமும்," என்றார்.

பக்கத்தில் மகளுக்குத் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அந்த மூன்று கால் சாமானை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது மாப்பிள்ளை வீட்டுல கேட்டதுங்களா?" என்று விசாரித்தார்.

அடுப்பு வந்துவிட்டது, அதற்குக் கேஸ் குப்பிதான் கிடைக்கவில்லை. கண்டிக் கடைகளில் இருந்ததெல்லாம் மேசை அடுப்புகளுக்குப் போடுகிற நீளக் குப்பி. என் அடுப்புக்குத் திருகு வைத்த குட்டைக் குப்பி வேண்டும். அந்த நீளக் குப்பியை இந்த அடுப்பில் பொருத்த நடுவில் மாட்டும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கிறதாம். அதற்கு இன்னும் மூன்று வாரம் காத்திருந்தேன். அதுவும் வந்த பிறகு வீட்டு பல்கனியில் ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை என் இடது புருவம் பாதி போனது. இரண்டாம் தடவை தண்ணீர் கொதித்தது. ஆனால் காற்று கொஞ்சம் வீசியதும் தீ படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து என் மனதில் ஒரு பயம். மலையில் இந்த அடுப்பு காலை வாரினால் அந்த இருவரின் முகத்திலும் எப்படி முழிப்பது? யாருக்கும் சொல்லாமல் ஒரு டின் மீன் வாங்கினேன். மீனை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, டின்னைக் கழுவி, விளிம்பைச் சுற்றி ஆணியால் ஓட்டை போட்டு, ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் அடுப்பொன்று செய்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதைப் பையின் அடியில், காலுறைக்குள் ஒளித்துவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலை வழியாக ஏறினோம். நானா வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினார். அண்ணை நடக்கும்போதெல்லாம் அவர் பைக்குள் ஏதோ களக் களக் என்றது. என் கவனமெல்லாம் ஒன்பது பவுண் அடுப்பில் இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு பெரிய பாறையை அடைந்தோம். பக்கத்தில் மலை ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கேத்தலில் தண்ணீர் பிடித்துவைத்து, அடுப்பை எடுத்து மூன்று கால்களையும் விரித்தேன். காற்று அடித்தது. பற்றவைத்தேன், அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது.

நானா தொண்டையைச் செருமினார். "தம்பி, கோவிச்சுக்கொள்ள வேணாம். உங்கட அடுப்பைப் பத்தி எனக்கொரு சந்தேகமும் இல்ல. ஆனாலும் சும்மா ஒண்டு கொண்டு வந்தேன்."

அவர் பையிலிருந்து பெட்டி மாதிரி ஒரு நீலச் சாமான் வெளியே வந்தது. கல்யாண வீடுகளில் முட்டை அப்பம் சுட வைப்பார்களே, அந்த மேசை அடுப்பு. இரண்டு கிலோவுக்குக் குறையாது.

அண்ணை சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் பையைத் திறந்தார். பழைய சாரத் துணியில் சுற்றியபடி, பம்ப் அடித்து எரிக்கும் பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது.

"எனக்கு உம்மிலை நம்பிக்கை இல்லாமல் இல்லை, தம்பி," என்றார். "உந்தப் புதுச் சாமானுகளிலைதான் நம்பிக்கை இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம்! பாதிப் புருவம்! ஒரு கிராம், இரண்டு கிராமுக்காக நான் பல் தூரிகையின் கைப்பிடியைக்கூட வெட்டியிருந்தேன். இதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே பையில் கைதுடைக்கத் துணி தேடியபோது காலுறையும் கூட வந்து, மீன் டின் பாறையில் விழுந்து உருண்டது. டின்னில் மீன் படம் அப்படியே இருந்தது.

மூவரும் அதைப் பார்த்தோம்.

"நாலு அடுப்பு," என்றார் நானா. "மாஷா அல்லாஹ். சரி, எதையாவது பத்த வைங்க. தேயிலையை எடுங்க."

"தேயிலை உங்ககிட்டத்தானே?" என்றேன்.

"என்கிட்டயா? நான் சாப்பாடு. ரொட்டி ஈக்கிது, கோழிக் கறி ஈக்கிது, வட்டிலப்பமும் ஈக்கிது. தேயிலை அடுப்போட சேந்த சாமான்."

"தேயில சாப்பாட்டுல சேராதா நானா?"

"தேத்தண்ணி குடிக்கிறது. சாப்பிடுறது இல்ல."

இருவரும் அண்ணையைப் பார்த்தோம். அவரிடம் பனடோலும் பிளாஸ்டரும் சீனியும் இருந்தன.

நான்கு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைச் செடி. என் அம்மா கண்டிக்கு வருமுன் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்தெடுத்தவர். அவருடைய மகன், பல் தூரிகையை வெட்டித் தயாரானவன், ஒரு சிட்டிகைத் தேயிலைத் தூள் இல்லாமல் அந்த நடுவில் நின்றேன்.

"பச்சைக் கொழுந்தை அவிச்சுப் பாப்பமே?" என்றார் அண்ணை. மூன்று கொழுந்தைப் பறித்து நீலப் பெட்டியில் அவித்தார். முதல் வாய் குடித்த நானா அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பாறையைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்தார்.

வேறு வழியில்லை. கீழே தெரிந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு இறங்கினோம். வாசலில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னாங்க வேணும்?"

"அக்கா, கொஞ்சம் தேயிலத்தூள் கெடைக்குமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏய், எல்லாரும் வந்து பாருங்கடி! டவுன்ல இருந்து மூணு பேரு தேயிலத் தோட்டத்துக்குத் தேயில கேட்டு வந்திருக்காங்க!"

எல்லோரும் வந்தார்கள். நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான்கு அடுப்பு என்றதும் அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"தூள் தாறேன். ஆனா நாலையும் பத்த வச்சிக் காட்டணும். எது மொதல்ல கொதிக்கிதுன்னு பாப்போம்."

வாசல் சிமெந்தில் நான்கையும் வரிசையாக வைத்தோம். அக்காவே நான்கு சட்டி கொடுத்து, ஒவ்வொன்றிலும் அளந்து தண்ணீர் ஊற்றினார். அண்ணை பம்ப் அடிக்க அடிக்க அவருடைய அடுப்பு மலையேறும் லொறி மாதிரி இரைந்தது. அந்தப் பக்கம் மேய்ந்த கோழிகள் அன்று திரும்பி வரவில்லை. என் எழுபத்துமூன்று கிராம் சிலந்தி, அக்காவின் அகலச் சட்டியைத் தாங்க முடியாமல் மெதுவாக, மிகவும் கௌரவமாக, ஒரு பக்கம் சாய்ந்து தன் தலையிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டது. மீன் டின்னில் தீயே தெரியவில்லை.

"அது அணைஞ்சிருச்சிங்க," என்றார் அக்கா.

"அணைஞ்சுதான் போச்சு," என்று அண்ணை கையை நீட்டிப் பார்த்தார். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அண்ணையின் விரல் முடிகளுக்கு அது தெரிந்தது. அவர் எழுப்பிய சத்தத்தில் அடுத்த லயத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். மருந்துப் பெட்டி அன்று அவருக்கே பயன்பட்டது.

நானாவின் பெட்டிதான் முதலில் கொதித்தது. அவர் இரண்டு கையையும் உயர்த்தி லயத்து வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். அக்கா எல்லோருக்கும் சாயத்தண்ணி ஊற்றினார்; நானா ரொட்டியையும் வட்டிலப்பத்தையும் எடுத்துவைத்தார். பதினோரு பேர் குடித்தோம். நாங்கள் மூவர் மட்டும் இரண்டு தரம்.

"பெரிய அடுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "ஆனா இதையெல்லாம் எதுக்கு முதுகுல கட்டிக்கிட்டு மல ஏறுறீங்க?"

"டொக்டர் சொன்னவர்," என்றார் அண்ணை.

"டாக்டரு அடுப்பத் தூக்கச் சொன்னாரா?"

நானா அவசரமாக அவருக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் நீட்டினார். அதன் பிறகு ஐந்தாறு தடவை போயிருக்கிறோம். நானாவின் நீலப் பெட்டியை முறை வைத்துச் சுமக்கிறோம். என் அடுப்பில் நான் இன்னும் பல்கனியில் தனியாக ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் போட்டுக் குடிப்பதுண்டு, காற்றில்லாத நாளில்.

அந்த முதல் நாள் பின்னேரம் பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். இரண்டு வளைவு தாண்டியதும் ஒரு பெரியவர் மூக்கைச் சுருக்கினார். பிறகு பஸ் முழுவதும் மூக்கைச் சுருக்கியது. சாரதி பஸ்ஸை ஓரம் கட்டி, இறங்கி, என்ஜினைத் திறந்து குனிந்தார். கண்டக்டரும் குனிந்தார். சில பயணிகளும் இறங்கி ஆலோசனை சொன்னார்கள். அண்ணையின் பை என் சப்பாத்தின் மேல் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். சாரதி ஏதோ ஒரு குழாயைக் கழற்றப் போன நேரத்தில்தான் நானாவுக்கு மனச்சாட்சி தாங்கவில்லை. எழுந்து நின்று சிங்களத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

பஸ் எங்களை இறக்கிவிடவில்லை. பை மட்டும் பஸ்ஸுக்குள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பானது. பின்கதவு ஆசனத்தில் அண்ணையை உட்கார வைத்து, ஜன்னலுக்கு வெளியே அந்தப் பையை அவர் கையிலேயே பிடிக்கச் சொன்னார்கள். பேராதனை வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் சாரதி கண்ணாடியில் பார்த்து, "இப்பவும் மணக்குதா?" என்று சிங்களத்தில் கேட்டார். "இல்லை!" என்று பஸ்ஸே சேர்ந்து பதில் சொன்னது. எல்லோரையும் விட உரக்கச் சொன்னது, பிளாஸ்டர் ஒட்டிய கையால் பையைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணைதான்.