மழைக்கு ஒரு கட்டம்

என் நெல்லின் வயது என்னைவிட என் கைப்பேசிக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நம்பி மோசம் போனவன் நான். அதை நானே சொல்லிவிடுகிறேன். ஊர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பள்ளத்தூருக்குப் பக்கத்தில், கண்மாய்ப் பாசனத்தில் எனக்கு ஒரு துண்டு வயல். காரைக்குடி மண்டபம் ஒன்றில் ஒரு நிறுவனத்தார் கூட்டம் போட்டு, செயற்கைக்கோள் படத்தையும் ஊரூராகத் திரட்டிய தரவுகளையும் அலசி ஆலோசனை சொல்லும் செயலி என்று ஒன்றை என் கைப்பேசியில் ஏற்றிவிட்டார்கள். விதைத்த தேதி கேட்டது. கொடுத்தேன்.

எங்கள் பக்கம் புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். மழை விழுந்த நாள்தான் பயிர் பிறந்த நாள். அந்த வருடம் மூன்று வாரத்துக்கு மேல் மழை இல்லை. விதை மண்ணுக்குள் தூங்கியது. செயலி மட்டும் தூங்காமல் நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, சிவப்பு எழுத்தில் செய்தி வந்தது: ‘அறுவடை நெருங்குகிறது. வயலில் உள்ள தண்ணீரை உடனே வடிக்கவும்.’

‘உடனே’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு மூளை நின்று கால் ஓட ஆரம்பித்துவிடும். ஓடினேன். கீழ்வரப்பை மண்வெட்டியால் வெட்டிவிட்டேன். கண்மாயில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கியிருந்தது. வயலில் நின்றதுதான் கடைசித் தண்ணீர். கதிர் பச்சையாக நின்றதைக் கண் பார்க்கத்தான் செய்தது. கண்ணை யார் நம்பினார்கள்?

கீழ்வயல் என் பெரியப்பா மகனின் மனைவியுடையது. தன் வயலுக்குள் தண்ணீர் பாய்வதைக் கண்டு மதினி வரப்பேறி வந்தார்.

“என்ன கொழுந்தனாரே, பொங்கச் சீரா? இம்புட்டுத் தண்ணிய இங்குட்டு அனுப்புறீக!”

“அறுப்புக்கு வடிக்கிறேன் மதினி. போன்ல சொல்லிருச்சு.”

அவர் என் வயலில் ஒரு கதிரைப் பறித்து நெல்லை நசுக்கினார். வெள்ளைப் பால் என் கையில் தெறித்தது.

“இப்பத்தான் பால் பிடிக்குது. தண்ணி இல்லைன்னா அம்புட்டும் பதராப் போகும். மழை எப்பப் பெஞ்சுச்சுன்னு அதுக்குத் தெரியாதா?”

“வானத்துல இருந்து பாக்குதாம் மதினி.”

“மழையும் அங்குட்டு இருந்துதான வருது?”

உடைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன். தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. வேறு வழி தெரியாமல் நானே அதில் உட்கார்ந்தேன். “அசையாதீக” என்று அதட்டி, மதினி என்னைச் சுற்றி மண் அப்பினார். அந்தக் கோலத்தில்தான் உதவி எண்ணைக் கூப்பிட்டேன்.

“விதைச்ச தேதி நீங்க குடுத்ததுதானே சார்?” என்றது ஒரு பெண் குரல்.

“ஆமாம்மா. மழை பெஞ்ச தேதியை எங்க எழுதறது?”

“அப்படி ஒரு கட்டம் இல்லை சார். நீங்க இப்ப வயல்லதான் இருக்கீங்களா?”

“வரப்பாவே இருக்கேன்மா!”

எனக்கு வந்த கோபத்தில் தண்ணீரே சூடாகியிருக்கும். அந்தப் பெண் என்ன செய்வாள்? மழையை நம்பி விதைக்கிற ஊருக்குப் படிவம் தயாரித்தவர்கள் இங்கே ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? என் வயலின் பரப்பு, மண்ணின் நிறம், என் ஆதார் எண், எல்லாம் வேண்டுமாம். மழை மட்டும் வேண்டாமாம்!

மதினி தன் டீசல் என்ஜினைப் போட்டு, பாய்ந்த தண்ணீரில் முடிந்ததை மேலே ஏற்றித் தந்தார். மேட்டுப் பக்கம் எட்டவில்லை. தையில் அறுத்தபோது அந்தப் பக்கம் பதராகவே கொட்டியது.

ஒரு பை பதரோடு அதே மண்டபத்துக்குப் போனேன். அன்றைக்கும் கூட்டம். மேசையில் பதரைக் கொட்டி, மழைக்கு ஒரு கட்டம் போடச் சொன்னேன்.

“நல்ல கருத்து சார். மேலே சொல்றோம்” என்றார் விளக்கிக்கொண்டிருந்தவர்.

“அதுக்கு முன்னாடி நான் குடுத்த தேதியை அழிங்க. அதை வச்சு இன்னொருத்தனையும் வடிக்கச் சொல்லப் போகுது.”

அழிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.